பாலிமர் க்ளே மணித் தொங்கட்டான்: ஒன்றுபோல இரண்டு

பாலிமர் க்ளே என்பது அவன் அடுப்பில் வேகவைத்தால் இறுகும் ப்ளாஸ்டிக் களிமண். அதில் மணி உருட்டத் தெரிந்தவருக்கு ஒரு தொங்கட்டான் செய்வது பெரிய வேலையில்லை. இரண்டாவதும் அச்சு அசலாக வரவேண்டும் என்கிறபோதுதான் சிக்கல். கால் மில்லிமீட்டர் வித்தியாசம் காதில் போட்டால் தெரியாது. கையில் ஜோடியாகப் பிடித்தால் பளிச்சென்று தெரியும். அதனால் இந்தப் பதிவில் அழகைவிட அளவுக்கே இடம் அதிகம்.

எடுத்துக்கொண்ட வடிவம்: கீழே 14 மி.மீ. பளிங்குக் கோட்டு மணி, நடுவில் 10, மேலே 8, இரண்டும் ஒற்றை நிறம். ஒரு காதுக்கு ஏறக்குறைய 4 கிராம். ஜோடிக்கு 8 கிராம் க்ளே போதும் என்றாலும் வெட்டி மிஞ்சுவதையும் சேர்த்து 20 கிராம் எடுத்துக்கொண்டால் கையைக் கடிக்காது. நிறம் வெள்ளை, கருநீலம், கொஞ்சம் பொன்.

வெள்ளையைத்தான் முதலில் பிசைய வேண்டும். கருநீலம் தொட்ட விரலை எவ்வளவு துடைத்தாலும் வெள்ளையில் ரேகை விழும். துணி நூல், தூசி எல்லாம் வெள்ளையில் உடனே ஒட்டிக்கொள்ளும். நெய்த துணியை விட்டுவிட்டு ஈரத் துடைப்பான் தாளால் கையைத் துடையுங்கள். மெல்லிய பட்டையாக்கி மடித்துப் பார்க்கும்போது மடிப்பில் விரிசல் வராமல் இருந்தால் பதம் வந்துவிட்டது. ரொம்பக் குழைந்து கையில் ஒட்டினால், இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே தட்டையாக வைத்து மேலே புத்தகம் ஏற்றுங்கள். தாளில் எண்ணெய்க் கறைபோல ஒன்று ஊறும். அது க்ளேயை இளக்கமாக வைத்திருக்கும் ப்ளாஸ்டிசைசர். அளவுக்கு மீறி உறிஞ்ச விட்டால் க்ளே பொரபொரவென்று உதிரும், ஆகவே அவ்வப்போது எடுத்துப் பார்க்க வேண்டும்.

இனி அளவு. கண்மதிப்பில் கிள்ளி உருட்டினால் ஜோடி சேரவே சேராது. இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: மணியின் விட்டம் எவ்வளவோ அதே விட்டமுள்ள வட்டக் கட்டரால், விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு தடிமனுள்ள க்ளேயை வெட்டினால், உருட்டும்போது அதே விட்டத்தில் உருண்டை வரும். 10 மி.மீ. மணிக்குத் தடிமன் 6.7 மி.மீ. அவ்வளவு தடியாகத் தேய்ப்பது கஷ்டம் என்பதால் 3 மி.மீ. தகடு ஒன்றைத் தேய்த்து, 10 மி.மீ. வில்லை இரண்டைச் சேர்த்தால் 9.7 வரும். 8 மி.மீ. வில்லை இரண்டு 8.3 தரும். இந்தச் சின்ன விலகல் தொல்லையில்லை. நான்கு மணிகளும் ஒரே தகட்டிலிருந்து வருவதால் இடதும் வலதும் ஒன்றாகவே இருக்கும். தகடு எங்கும் ஒரே தடிமனாக இருக்க, உருளையின் இரு முனைக்கும் அடியில் ஒரே உயரத்துக்கு அட்டைகளை அடுக்கி வைத்துத் தேயுங்கள்.

பளிங்கு மணிக்கு வழி வேறு. மூன்று நிறத்தையும் கயிறாக உருட்டிச் சேர்த்து முறுக்கி, மடித்து, மறுபடி முறுக்க வேண்டும். மூன்று நான்கு மடிப்போடு கையை எடுத்துவிடுங்கள். ஆசைப்பட்டு இன்னும் முறுக்கினால் கோடெல்லாம் கலங்கி மங்கிய நீலம் ஒன்றுதான் மிஞ்சும். பிறகு கயிற்றை 14 மி.மீ. தடிமனுக்கு உருட்டி 9.3 மி.மீ. நீளத் துண்டுகளாக வெட்டலாம். அடுத்தடுத்த இரண்டு துண்டுகளே ஜோடி. அவற்றில்தான் கோடுகள் நெருக்கமாக ஒத்துப்போகும்.

உருட்டும்போது முதலில் நல்ல அழுத்தம், மடிப்புக் கோடு மறைந்ததும் லேசான கை. உள்ளே காற்று சிக்கினால் வேகும்போது கொப்புளமாகக் கிளம்பும்.

உருட்டின சூட்டோடு துளைக்கக் கூடாது. மணி நசுங்கி ஓட்டையைச் சுற்றிக் கரை எழும்பும். கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து, 1 மி.மீ. ஊசியைத் திருகிக்கொண்டே இறக்க வேண்டும். மறுபுறம் முனை லேசாகத் தட்டுப்பட்டதும் ஊசியை உருவி, அந்தப் பக்கத்திலிருந்து குத்தினால் இரண்டு வாயும் சுத்தமாக இருக்கும். பளிங்கு மணிகள் இரண்டிலும் கோடு ஓடும் திசையைப் பார்த்து ஒரே கோணத்தில் துளைப்பது முக்கியம். இங்கே தவறினால் அதுவரை பார்த்த அளவெல்லாம் வீண்.

மணிகளைக் கம்பியில் கோத்து, கம்பியின் இரு முனையும் தட்டின் விளிம்பில் தங்கும்படி வைத்தால் மணியின் அடிப்பக்கம் தட்டையாகிப் பளபளப்புத் தழும்பு விழாது. வெப்பத்துக்குப் பாக்கெட்டில் போட்டிருப்பதுதான் கணக்கு: ஃபிமோ என்ற பிராண்டுக்கு 110 டிகிரி செல்சியஸ், ஸ்கல்பி பிரீமோவுக்கு 135. ஒரே மணியில் இரண்டு பிராண்டையும் கலக்காமல் இருப்பது நல்லது. அடுப்பின் குமிழ் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், உள்ளே தனி வெப்பமானி வைத்து, சூடு நிலைத்த பிறகே தட்டு உள்ளே போகட்டும். மேலே அலுமினிய ஃபாயிலைக் கூடாரமாகக் கவிழ்த்தால் வெள்ளை பழுப்பேறாது. 14 மி.மீ. மணிக்கு ஒரு மணி நேரம் கொடுக்கலாம். நேரம் கூடினால் கெடுதலில்லை, வெப்பம் எகிறினால்தான் ஆபத்து. க்ளேயில் இருப்பது பி.வி.சி. ப்ளாஸ்டிக். அது கருகினால் கண்ணையும் மூக்கையும் அரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறும். அப்படி ஆனால் அடுப்பை அணைத்து ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய்விடுங்கள்.

வெந்ததா என்று பார்க்க, அதே க்ளேயில் 2 மி.மீ. பட்டை ஒன்றையும் கூடவே வைக்கலாம். முழுக்க ஆறிய பின் வளைத்தால் வளைய வேண்டும். பட்டென்று ஒடிந்தால் பெரும்பாலும் வேகவில்லை என்றே அர்த்தம். மறுபடி உள்ளே வைக்கலாம், ஒன்றும் ஆகாது. சில நாளில் ஓட்டை வாயில் விண்டுபோகும் மணிகளில் பல இப்படி அரைவேக்காடாக வந்தவைதான்.

தேய்ப்பு ஈரத்தில்தான். தண்ணீரில் நனைத்த உப்புத்தாளில் 400, 600, 1000 எண் என்று மேலும் மேலும் நைசானதுக்கு ஏறி, கடைசியில் ஜீன்ஸ் துணியில் தேய்த்தால் மெழுகு மினுக்கம் வரும். அதுவே போதுமானது. கண்ணாடிப் பளபளப்பு வேண்டுமென்று நெயில் பாலிஷ் பூசுகிறார்கள். அதிலிருக்கும் கரைப்பான் நாளடைவில் க்ளேயோடு சேர்ந்து பிசுபிசுக்கும். பூசத்தான் வேண்டுமென்றால் தண்ணீரில் கரையும் வார்னிஷ்.

கோப்பதற்கு 50 மி.மீ. நீளம், 0.7 மி.மீ. தடிமனுள்ள ஹெட் பின், அதாவது மணி நழுவாதபடி ஒரு முனையில் தலை உள்ள கம்பி. மணிகள் 32 மி.மீ. பிடிக்கும். மேலே 9 மி.மீ. விட்டு நறுக்கி, மணியை ஒட்டி நேர்க்கோணமாக மடக்கி, உருண்டை மூக்கு ப்ளையரால் எதிர்த்திசையில் சுருட்டினால் கண்ணி நடுவில் உட்காரும். ப்ளையரின் தாடையில் பேனாவால் ஒரு கோடு போட்டு, இரண்டு கண்ணிகளையும் அதே இடத்தில் சுருட்டுங்கள். அப்போதுதான் நீளம் ஒத்துவரும். கொக்கியைக் கோக்கும் வளையத்தைப் பக்கவாட்டில் முறுக்கித் திறக்க வேண்டும். விரித்துத் திறந்தால் பழைய வட்டத்துக்குத் திரும்பாது.

அடுத்த தட்டில் அரை ஒளிபுகும் க்ளே இருக்கிறது. வெந்தபின் பிறை வடிவில் வெள்ளைப் புள்ளிகள் எழுவது அதன் குணம். ஈரக் கை பட்டால் இன்னும் கூடும். ஜோடி சேர்க்க அது ஒத்துழைக்குமா என்று பார்க்க வேண்டும்.