உச்சிப்புளிப் பக்கம் பாரம்பரியத் தக்காளி: இந்தப் பருவத்து அனுபவம்

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில் எங்கள் வீடு. கொல்லை முழுக்க மணல். தக்காளி வைக்கப் போகிறேன் என்றதும் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "உப்புத் தண்ணிக்கு அது எங்க நிக்கும்?" காய் பறித்து முடிக்கிற இந்த நேரத்தில் என் கணக்கு வேறு. உப்பைச் சமாளித்துவிடலாம். ராத்திரிச் சூடுதான் பெரிய பாடு.

வைத்தது செரோக்கி பர்ப்பிள், பிராண்டிவைன், யெல்லோ பியர் என்று மூன்று வெளிநாட்டுப் பழைய ரகங்கள். கூடவே முதுகுளத்தூர்ச் சின்னம்மா வீட்டில் வருஷா வருஷம் விதை எடுத்து வைக்கிற நாட்டுத் தக்காளி.

மண்ணைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேட்டுப்பாத்தி போட்டு, மக்கின ஆட்டுப்புழுக்கையும், கரையில் ஒதுங்குகிற பாசியை மழையில் நனையவிட்டு உப்புப் போக மக்க வைத்ததும் சேர்த்தேன். வாடைக்காற்று உப்பை அள்ளிக்கொண்டு வந்து இலை நுனியைக் கருக்கும். அதற்கு வடகிழக்கில் பனையோலைத் தட்டி. அடைமழை முடிந்ததும் கிணற்றுத் தண்ணீர் நன்றாகவே இருக்கும். மாசி பிறந்த பிறகுதான் கரிக்க ஆரம்பிக்கும். அப்போது காய் சிறுத்துப் போகும், ஆனால் இனிப்பு கூடும். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் காயின் அடி கறுத்து அமுங்கிவிடும். சுண்ணாம்புச் சத்து காய் வரைக்கும் போய்ச் சேராததால் வருவது அது. தண்ணீரில் உப்பு ஏறினால் இன்னும் மோசம். காய்ந்த இலைகளை மூடாக்காகப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் தண்ணீர் விட்டதில் அது பெருமளவு கட்டுப்பட்டது.

பூவுக்கு வருவோம். ராத்திரி வெப்பம் 21 டிகிரியைத் தாண்டத் தாண்ட மகரந்தத்தின் வீரியம் குறையும், பெரிய காய் ரகங்களில் பிஞ்சு பிடிப்பது தடுமாறும். நம் கரையில் கடல் ராத்திரியை ஆறவிடாது. மார்கழியிலும் விடியற்காலையில் போர்வை தேவைப்படுவதில்லை. பெரிய காய் ரகமான பிராண்டிவைனில் பூ கொத்துக் கொத்தாக வந்தது. காம்பின் நடுவில் முழங்கை போல ஒரு கணு இருக்கிறதே, முதலில் அது மஞ்சளாகும். மறுநாள் லேசாகத் தொட்டாலே அந்த இடத்தில் ஒடிந்து பூ கையோடு வந்துவிடும். அந்தக் கணுவைப் பார்த்தே எந்தப் பூ நிற்கும், எது உதிரும் என்று இப்போது சொல்லிவிட முடிகிறது.

காலையில் வெயில் ஏறும் முன் பூக்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிட்டதில் செரோக்கி பர்ப்பிள் கொஞ்சம் பலன் கொடுத்தது. மகரந்தம் மஞ்சள் மாவாக நகத்தில் படியும், அதுதான் அடையாளம். 1990இல் அமெரிக்காவின் டென்னசியிலிருந்து ஜான் கிரீன் என்பவர் பெயரில்லாத விதையைத் தபாலில் அனுப்ப, தக்காளி ரகங்களைச் சேகரிக்கும் கிரெய்க் லெஹூலியர் அதற்கு வைத்த பெயர்தான் செரோக்கி பர்ப்பிள். எங்கள் முற்றத்தில் பழுத்ததை அறுத்தால் உள்ளே கருஞ்சிவப்பு, காம்பை ஒட்டிய தோள்பட்டை மட்டும் பச்சை. உப்பு தொட்டுச் சாப்பிட்டோம். அந்த ருசிக்காகவே இன்னொரு வருஷம் வைப்பேன். பிராண்டிவைன் நம் கரைக்கு வேண்டாம் என்பது என் முடிவு.

யெல்லோ பியரும் சின்னம்மாவின் தக்காளியும் எந்தச் சூட்டிலும் காய்த்தன. மீன் குழம்புக்கு நாட்டுத் தக்காளியின் புளிப்பை வேறு எதுவும் தராது.

நாற்றுக்கு ஆரம்பத்திலிருந்தே கொசுவலை கட்டாயம். பழைய ரகங்களுக்கு இலைச்சுருட்டு வைரஸைத் தாங்குகிற சக்தி இல்லை. வெள்ளை ஈ ஒருமுறை உட்கார்ந்து அதைப் பரப்பிவிட்டால் செடியைப் பிடுங்கிப் போடுவதுதான் வழி.

விதைக்கு, சூட்டிலும் பிஞ்சு பிடித்த செடிகளின் பழத்தை மட்டுமே எடுத்திருக்கிறேன். சாறோடு சிரட்டையில் இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டால் மேலே வெள்ளை ஏடு கட்டும், வழவழப்பு கழன்றுவிடும். அலசினால் நல்ல விதை அடியில் தங்கும். நிழலில் காயவைத்துத் தாளில் மடித்தாயிற்று. இந்த முறை ஐப்பசி முதல் வாரம் ஓலைக் கூரைக்குக் கீழே நாற்றுவிட்டு, கார்த்திகையில் நடப் போகிறேன். பூக்கிற காலம் தை மாதத்து லேசான குளிரோடு சேர்ந்து வர வேண்டும், அதற்காகத்தான்.