ஆசானுக்கு மூன்று ஊதுபத்திகள்

தெற்கு வியட்நாமின் பா ட்ரியில் என்னிடம் பேசிய யாரும் அவருடைய முழுப் பெயரைச் சொல்லவில்லை. 'கூ டோ' என்றார்கள். 'கூ' என்பது வயதில் மிக மூத்தவருக்கான மரியாதைச் சொல். 'டோ' என்றால் ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் வாத்தியார். 1888-இல் மறைந்த ஒருவரை, நேற்றுவரை திண்ணையில் உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொண்டிருந்தவரைப் போல அழைக்கிறார்கள். அந்த அழைப்பைக் கேட்டபோதே, நான் வந்திருப்பது ஒரு நினைவுச் சின்னத்துக்கு அல்ல, ஒரு குருவின் சந்நிதிக்கு என்று மனம் சொல்லிவிட்டது.

அவர் பெயர் நுயென் டின் சியூ. கவிஞர், ஆசிரியர், வைத்தியர். இரண்டு கண்ணிலும் பார்வை இழந்தவர்.

ஹோ சி மின் நகரிலிருந்து அதிகாலை பஸ்ஸில் கிளம்பினேன். மீ தோவைக் கடந்து ராக் மியூ பாலத்தில் ஏறினால் கீழே மீகாங்கின் கிளையான தியென் ஆறு அகன்று கிடக்கிறது. அக்கரை முழுவதும் தென்னை. அது பென் ட்ரே. 2025 ஜூலையில் இந்த மாகாணத்தை வின் லாங்கோடு இணைத்துவிட்டார்கள். ஆனால் பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தவர் முதல் பக்கத்து இருக்கைக்காரர் வரை எல்லோரும் பென் ட்ரே என்றே சொன்னார்கள். பா ட்ரியை நெருங்க நெருங்கத் தென்னை குறைந்து நெல்வயல்களும் மாடுகளும் தென்படுகின்றன. கடலும் அங்கிருந்து தொலைவில் இல்லை.

மூன்றடுக்கு ஓட்டுக் கூரையுடன் நிற்கும் இப்போதைய கோயில் 2002-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்கு முந்தைய சிறிய கோயிலும் அதே வளாகத்தில் இருக்கிறது. 2016-இல் இந்த இடத்துக்குத் தேசியச் சிறப்புச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனபோது, வெண்கலத்தில் அமர்ந்திருக்கும் ஆசானின் முன்னால் ஒரு பாட்டி படையல் வைத்துக்கொண்டிருந்தார். இளநீர் ஒன்று, ஒரு சீப்பு வாழைப்பழம், நான்கைந்து ஆரஞ்சு, மூன்று சிறிய பீங்கான் கிண்ணங்கள். பிளாஸ்க்கிலிருந்து தேநீரை ஊற்றினார். ஊற்றியதும் ஒவ்வொரு கிண்ணத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். ஒன்று ஆறியிருந்தது போலும், அதை மட்டும் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினார்.

"கூ டோவுக்குச் சூடாக இருக்க வேண்டும், பிள்ளை" என்றார் என்னைப் பார்த்து. பிறகு மூன்று ஊதுபத்திகளை நெற்றிக்கு நேரே உயர்த்தி, மெல்லிய குரலில் நெடுநேரம் பேசினார். மந்திரம் போல இல்லை, வீட்டுச் சேதி சொல்வது போல இருந்தது.

அவர் பேசி முடிக்கும்வரை ஆசானின் வாழ்க்கையை நினைத்துக்கொண்டு நின்றேன். 1822-இல், இன்றைய ஹோ சி மின் நகர்ப் பகுதியான ஜியா டின்னில் பிறந்தவர். 1843-இல் அரசுப் பணிக்கான முதல் நிலைத் தேர்வில் தேறி, அடுத்த தேர்வுக்காகத் தலைநகர் ஹுவேவுக்குப் போனார். தேர்வு நெருங்கும்போது தாய் இறந்த செய்தி வந்தது. தேர்வை விட்டுவிட்டுத் துக்கம் காக்கத் தெற்கே திரும்பினார். வழியெல்லாம் அழுகை, அதன்மேல் நோய். குவாங் நாமில் கண்ணொளி போயிற்று. அப்போது வயது முப்பதுகூட ஆகவில்லை. பெண் கொடுப்பதாகச் சொன்ன வீட்டார் பின்வாங்கினார்கள். எல்லாம் போன பிறகும் அவர் எதை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார் தெரியுமா? தன்னைத் தங்கவைத்துப் பார்த்துக்கொண்ட வைத்தியர் வீட்டில் கற்ற மருத்துவத்தை. ஊருக்கு வந்து பள்ளி தொடங்கினார். பிள்ளைகள் தேடி வந்தார்கள். ஒரு மாணவர் தம் தங்கையையே ஆசானுக்கு மணம் செய்துவைத்தார். அந்த லே தி டியென் அம்மாளின் சமாதியும் இங்கே கணவர் அருகில் இருக்கிறது.

அவருடைய நெடுங்கதைப் பாட்டு 'லுக் வான் தியென்', இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள் கொண்டது. அதன் நாயகனும் தேர்வுக்குப் போகும் வழியில் தாயை இழந்து, அழுதழுது பார்வை இழக்கிறான். கதையில் அவனுக்குக் கண் திரும்புகிறது. பாடியவருக்குத் திரும்பவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத உழவர்களும் படகோட்டிகளும் இதை மனப்பாடமாகப் பாடினார்கள். அப்படிப் பாடுவதற்கென்று தெற்கில் தனி மெட்டே உண்டு.

1859-இல் பிரெஞ்சுப் படை ஜியா டின்னைப் பிடித்ததும், மனைவியின் ஊரான கன் யுவோக்குக்குப் போனார். 1861 டிசம்பரில் அந்த ஊர் உழவர்கள் பிரெஞ்சு முகாமைத் தாக்கினார்கள். கையில் மூங்கில் கழி, சமையல் கத்தி, வைக்கோல் திரியில் கனல். பலர் மாண்டார்கள். அவர்களுக்காக ஓர் இரங்கற்பா வேண்டும் என்று கேட்டபோது, பார்வையற்ற ஆசான் அதைப் பாடினார். மண்வெட்டியும் ஏரும் நடவும் அந்தக் கைகளுக்குப் பழக்கம், கேடயமும் துப்பாக்கியும் ஈட்டியும் அந்தக் கண்கள் பார்த்ததே இல்லை என்கிறார். அரசர்களையும் தளபதிகளையும் பாடிய இலக்கியத்தில், நாற்றங்காலிலிருந்து எழுந்துபோய் உயிர்விட்டவனுக்கு நடுவிடம் கொடுத்த பாட்டு அது.

அதில் ஓர் இடம். குடிசையில் நள்ளிரவில் மினுக்கிடும் விளக்கு, அதனருகே மகனை நினைத்து அழும் கிழத்தாய். தெருமுனையில் சாயும் பொழுதின் நிழல், கணவனைத் தேடி ஓடும் பலவீனமான மனைவி. பத்து ஆண்டுகளுக்கும் மேலாக இருளில் இருந்த ஒருவர் அந்த விளக்கைப் பார்த்திருக்கிறார். எனக்கு இதற்குமேல் தெய்வத்தன்மை என்று ஒன்று தேவைப்படவில்லை. கைகூப்பி நின்றபோது கண் கலங்கிவிட்டது.

1862 ஒப்பந்தத்தில் தெற்கின் கிழக்கு மாகாணங்கள் மூன்றும் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயின. அவர்கள் ஆட்சியில் வாழ மாட்டேன் என்று பா ட்ரிக்கு வந்தவர், கடைசி மூச்சுவரை இங்கேயே பாடம் சொன்னார், நாடி பார்த்தார். பிற்பாடு இங்கும் அவர்கள் வந்துவிட்டார்கள். சொந்த நிலத்தைத் திருப்பித் தருகிறோம் என்று ஓர் அதிகாரி வந்து சொன்னபோது, பொதுவான நாடே போன பிறகு என் நிலம் எதற்கு என்று மறுத்தார். அந்நியர் சோப்பைத் தொடாமல் சாம்பல் கரைத்த நீரில் துணி வெளுக்கச் சொன்னார் என்றும் இங்கே சொல்வார்கள். மருத்துவத்தைப் பாட்டாக எழுதிய அவருடைய நூலில் ஒரு வைத்தியர், அந்நியருக்கு ஊழியம் செய்யாதிருக்கத் தம் கண்களைத் தாமே குருடாக்கிக்கொள்கிறார். பகைவனை உட்கார்ந்து பார்ப்பதைவிட இருளே மேல் என்பது அவர் வாக்கு.

வெளியே சமாதிகள் எளியவை. அப்பா, அம்மாவுக்கு அருகில் மகள் சுவோங் நுயெட் ஆன். 1918-இல் வியட்நாமின் முதல் பெண்கள் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தவர். அந்தப் புனைபெயரில் உள்ள 'சுவோங்' கைம்பெண் என்பதைக் குறிக்கும். கணவரை இழந்த பின் அவரே சேர்த்துக்கொண்ட சொல். ஒளித்து வைக்காமல் பெயரின் முதலிலேயே எழுதிக்கொண்ட அந்தத் துணிவு அப்பாவிடமிருந்து வந்தது என்றே நான் நம்புகிறேன்.

ஊதுபத்தி எரிந்து முடிந்த பிறகே படையலை எடுக்க வேண்டும். பாட்டி பொறுமையாகக் காத்திருந்து எடுத்தார். ஓர் ஆரஞ்சை என் கையில் வைத்து "லோக்" என்றார். பிரசாதம். பேத்திக்கு அடுத்த வாரம் தேர்வாம். "பாஸ் ஆக வேண்டும் என்று கேட்டீர்களா?" என்றேன். "கூ டோவிடம் அதைக் கேட்கலாமா? நல்ல மனுஷியாக வரட்டும் என்று சொன்னேன்" என்றார்.

அவர்தான் பாவ் தான் என்ற ஊருக்கும் போய்வரச் சொன்னார். மோட்டார் சைக்கிள் வாடகைக்குப் பேசிப் போனேன். அங்கே ஃபான் தான் ஜானின் சமாதி இருக்கிறது. தெற்கிலிருந்து முதன்முதலாக டாக்டர் பட்டத் தேர்வில் தேறியவர், பேரரசின் பெரிய அதிகாரி. 1867-இல் மேற்கு மாகாணங்களும் வீழ்ந்தபோது உண்ணாமல் கிடந்து, நஞ்சருந்தி உயிர்விட்டார். தம் பெயரை எழுத வேண்டாம், எழுதியே தீர வேண்டுமானால் 'கடலோரத்து முதிய மாணவன்' என்று எழுதுங்கள் என்று சொல்லிப் போனவர். அவருக்கும் கூ டோ இரங்கற்பா பாடியிருக்கிறார்.

அதே ஊரில் வோ துரோங் துவானும் உறங்குகிறார். பதவி வேண்டாம் என்று பாடம் மட்டும் சொன்ன, தெற்கின் ஆசான்களுக்கெல்லாம் ஆசான். 1792-இல் இறந்து ஜியா டின் பக்கம் அடக்கமானவர். அந்த மண் பிரெஞ்சுக்காரர் வசமானதும், ஆசானின் எலும்புகள் அங்கே கிடக்கக் கூடாது என்று ஃபான் தான் ஜானும் மற்ற அறிஞர்களும் 1867-இல் அவற்றை இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். இறந்து எழுபத்தைந்து ஆண்டுகள் ஆன ஆசானுக்காக. அதே ஆண்டில் இந்த மண்ணும் கைமாறியது.

அங்கே யாரும் இல்லை. வழியில் ஒரு கடையில் தேநீர் வாங்கி வந்திருந்தேன். மூன்று ஊதுபத்திகளை ஏற்றி நட்டேன். கிண்ணத்தில் ஊற்றி, புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது.