அப்பச்சியை வீட்டிலேயே வைத்துப் பார்த்தோம்

அப்பச்சிக்கு (எங்கள் பக்கம் அப்பாவை இப்படித்தான் கூப்பிடுவோம்) கன்னத்தில் புற்றுநோய். வெற்றிலையும் புகையிலையும் இளவயதிலிருந்தே பழக்கம். மதுரையில் ஆபரேஷன் செய்து, கரண்டும் (கதிர்வீச்சு) வைத்து முடித்த பிறகு மறுபடியும் வந்துவிட்டது. "இனிமே செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். செய்வதற்கு எவ்வளவோ இருந்தது என்று காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

எங்கே கேட்பது என்பதே முதல் திண்டாட்டம். 104 சுகாதார உதவி எண்ணுக்குப் போன் செய்தோம், அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்தோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்றால் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொடுக்கிற திட்டம் என்றுதான் ஊரில் பலரும் நினைத்திருக்கிறோம். படுத்த படுக்கையாகிவிட்டவர்களுக்கு வலி நிவாரணமும் ஆதரவு சிகிச்சையும் அதிலேயே உண்டு, நர்ஸ் வீட்டுக்கே வருவார். டிஸ்சார்ஜ் சம்மரியும் பயாப்சி ரிப்போர்ட்டும் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

வந்த நர்ஸ் முதலில் பார்த்தது அப்பச்சியை அல்ல, வீட்டை. எங்கள் செட்டிநாட்டு வீடுகளின் லட்சணம் தெரியுமே. முகப்பிலிருந்து கடைசிக் கட்டுக்குப் போவதற்குள் நிலைப்படிகள் எத்தனை! கழிப்பறை அந்தக் கடைசிக் கட்டில். கட்டிலை வளவுப் பத்தியில் (திறந்த முற்றத்தை ஒட்டிய தாழ்வாரம்) போடச் சொன்னார், பக்கத்தில் கமோடு நாற்காலி. முதுகில் புண் வராமல் இருக்கக் காற்றுப் படுக்கை போட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். வளவில் படுத்தால் வானம் தெரியும் என்பதில் அப்பச்சிக்குத் திருப்தி.

அடுத்தது வாடை. இதை யாரும் வெளியில் சொல்வதில்லை. கன்னம் உடைந்து புண்ணாகி, பத்தடி தள்ளி நின்றாலே தெரிந்தது. உறவுக்காரர்கள் முகப்பிலேயே விசாரித்துவிட்டுப் போனார்கள், பேரப்பிள்ளைகள் உள்ளே வரவில்லை. அப்பச்சிக்கும் அது புரிந்திருந்தது, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வார். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவிக் கட்டச் சொல்லிக்கொடுத்தார் நர்ஸ். சாதாரண மெடிக்கலில் கிடைக்கிற மலிவான மாத்திரை. சில நாளில் வாடை அடங்கியது. அத்தை வைரவன்பட்டிக் கோயில் விபூதியோடு வந்து கட்டிலிலேயே உட்கார்ந்து, எந்தக் காலத்துப் பங்காளிச் சண்டையையோ பேசிக்கொண்டிருந்தார். அப்பச்சி சிலேட்டில் பதில் எழுதினார். என்னைக் கேட்டால் மொத்தச் சிகிச்சையிலும் பெரிய காரியம் இதுதான்.

வலிக்கு மார்பின், அபினிலிருந்து எடுக்கிற மருந்து. எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் டாக்டர் எழுதித் தர வேண்டும். 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் பல ஆண்டுகள் இது கிடைப்பதே அரிதாக இருந்தது, 2014 திருத்தத்துக்குப் பிறகு விதிகள் ஓரளவு எளிதாகின. அப்பச்சிக்கு 10 மில்லிகிராம் மாத்திரை, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. வலி வந்த பிறகு கொடுப்பதல்ல, வருவதற்கு முன்பே கடிகாரம் பார்த்துக் கொடுப்பது. கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து கட்டாயம். "அபினைக் கொடுத்து மயக்கிப் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டவர்கள் உண்டு. இரண்டு நாள் தூக்கக் கலக்கம் இருந்தது, பிறகு தெளிந்துவிட்டார். மூன்றாம் நாள் பேப்பர் கேட்டார்.

சாப்பாடுதான் வீட்டையே இரண்டாக்கியது. வாசலுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பாத வீடு. மூக்குக் குழாய் வழியாக ஆத்தா கவுணி அரிசிக் கஞ்சியை வடிகட்டி ஊற்றிக்கொண்டிருந்தார். கடைசி வாரங்களில் அது எதுக்களித்து வெளியே வந்தது. "டிரிப்ஸாவது போடுங்க, பட்டினியா போட்டுச் சாகடிக்கிறதா?" என்று ஆச்சி (அக்கா) என்னிடம் சத்தம் போட்டாள். நர்ஸ் அவளையும் ஆத்தாவையும் உட்கார வைத்துப் பேசினார். "ஐயாவுக்குப் பசியே எடுக்கல ஆச்சி. சாப்பிடாததால உயிர் போகல. உயிர் போற நேரம், உடம்பு சாப்பாட்டை வேண்டாங்குது." டிரிப்ஸ் ஏற்றினால் கால் வீங்கும், நெஞ்சில் சளி கட்டும், மூச்சு இன்னும் திணறும் என்று விளக்கினார். ஆத்தாவுக்கு வேறு வேலை கொடுத்தார்: பஞ்சை நனைத்து உதட்டை ஈரமாக்குவது, வாயைத் துடைத்துவிடுவது. ஆத்தா அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

முடிவு நெருங்கும்போது என்னென்ன நடக்கும் என்றும் முன்கூட்டியே சொல்லியிருந்தார். கால் சில்லிடும், மூச்சு நின்று நின்று வரும், தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும், அது நம்மைப் படுத்துகிற அளவுக்கு அவரைப் படுத்தாது, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அப்படியேதான் நடந்தது. தெரிந்திருந்ததால் நடுராத்திரியில் ஆம்புலன்ஸ் கூப்பிட்டு மதுரைக்கு ஓடவில்லை. சிங்கப்பூரிலிருந்து தம்பி போனில் பேசியதை அப்பச்சி காதருகே வைத்தோம். விடிவதற்குள் முடிந்துவிட்டது.

வீட்டில் இறந்தால் காகித வேலை கொஞ்சம் உண்டு. பார்த்துவந்த டாக்டரிடம் இறப்புக் காரணச் சான்று வாங்கிக்கொண்டு 21 நாளுக்குள் பதிய வேண்டும், கிராமத்தில் என்றால் வி.ஏ.ஓ.விடம். மிச்சமிருந்த மார்பினை எண்ணி, வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்தோம்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு நர்ஸ் மறுபடியும் வந்தார். ஆத்தா தூங்குகிறார்களா, சாப்பிடுகிறார்களா என்று விசாரித்துவிட்டு பிரஷர் பார்த்தார். கூடியிருந்தது. இப்போது ஆத்தாவுக்கு மாத்திரை அதே திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது.