பதில் சொல்லாத ஸ்தோத்திரம்

வருவாய்த் துறையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் சாதிச் சான்று மனுக்களோடுதான் போனது. பட்டா மாறுதல், வாரிசுச் சான்று எல்லாம் வரும், போகும். சாதிச் சான்று அப்படி இல்லை. மூன்று தலைமுறை என்ன செய்தது, யாரைக் கும்பிட்டது, எங்கே புதைத்தது என்பதெல்லாம் அந்த ஒற்றைத் தாளுக்காக விசாரிக்கப்படும்.

என் சொந்தச் சான்றில் 'ஆதிதிராவிடரிலிருந்து கிறித்தவ மதத்திற்கு மாறியவர்' என்று இருக்கிறது. நான் எங்கிருந்தும் மாறவில்லை. தாத்தா காலத்திலேயே ஞானஸ்நானம் ஆகிவிட்டது. நான் பிறந்து நாற்பதாம் நாள் கோயிலுக்கு, சர்ச்சை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், தூக்கிப்போனார்கள். ஆனால் எந்தத் தலைமுறையில் மாறியிருந்தாலும் அரசாங்கப் பட்டியலில் எங்களுக்குப் பெயர் 'மாறியவர்'தான். இடம், பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்.

இதற்கு வேர் 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதி வந்த குடியரசுத் தலைவர் ஆணை. அதன் மூன்றாவது பத்தி, இந்து அல்லாத யாரும் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார்கள் என்றது. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் இஸ்லாமியர்களும் வெளியேதான். ஆகஸ்ட் 10 வந்தால் எங்கள் ஆட்கள் கறுப்பு தினம் என்று சட்டையில் கறுப்புத் துணி குத்திக்கொள்வார்கள். அரசு ஊழியன் என்பதால் நான் ஒரு வருஷம்கூடக் குத்தியதில்லை. அன்றைக்கும் அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே பத்தியின்படி மனுக்களைப் பிரித்துக்கொண்டிருப்பேன்.

அப்பா உபதேசியார். சபையில் கொடுக்கிற சம்பளம் மளிகைக்கே போதாது. பத்தாம் வகுப்பில் எங்கள் தலைமையாசிரியர், மதம் என்ற இடத்தில் இந்து என்று போட்டுவிடலாம், பையன் பிழைத்துக்கொள்வான் என்று அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அப்பா, "ஞாயித்துக்கிழமை பிரசங்கம் பண்ற வாயால அதச் சொல்ல முடியாது சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அன்றைக்கு எனக்கு அப்பா மேல் கோபம். வேலைக்கான தேர்வில் இரண்டு முறை, பட்டியல் சாதிக்கான கட் ஆஃப்பைத் தாண்டியும் வேலை கிடைக்காமல் நின்றபோது அந்தக் கோபம் இன்னும் பெரிதானது.

பெரியப்பா மகன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அவன் வீட்டில் இந்து என்றே போட்டார்கள். அண்ணனுக்கு என்னைவிட நான்கு வருஷம் முன்னாலேயே அரசு வேலை கிடைத்தது. ஒரே தெரு, ஒரே கிணறு. டீக்கடையில் எங்கள் தெருக்காரர்களுக்கென்று தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த கிளாஸிலும் நாங்கள் இரண்டு பேரும் குடித்திருக்கிறோம். அந்தக் கடைக்காரர் ஒரு நாளும் யார் இந்து, யார் கிறிஸ்தவன் என்று கேட்டு கிளாஸை மாற்றியதில்லை.

ஆனால் அண்ணனும் சும்மா தப்பித்துவிடவில்லை. வீட்டில் ஒரு பெயர், ஆபீசில் ஒரு பெயர். கல்யாணத்தைக் கோயிலில் வைத்தால் பதிவேட்டில் ஏறிவிடும் என்று மண்டபத்தில் வைத்தான். பணியில் இருக்கும்போதே மாரடைப்பில் இறந்தான். மகனுக்குக் கருணை அடிப்படையில் வேலை வாங்க வேண்டும், ஆபீஸ்காரர்கள் மாலையோடு வந்து நிற்கிறார்கள். ஐயரைக் கூப்பிடவா வேண்டாமா என்று பெண்கள் அடுப்படியில் நின்று பேசினார்கள். கடைசியில் கூப்பிடவில்லை. பெரியப்பா கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறார். அண்ணனை ஊர்ச் சுடுகாட்டில் வைத்தோம். பாட்டு இல்லை, ஜெபம் இல்லை. அண்ணி மட்டும் சேலை முந்தானைக்குள் வாயை அசைத்துக்கொண்டிருந்தார்.

சலுகை வேண்டும், சாமியும் வேண்டும் என்றால் எப்படி என்று என்னோடு வேலை பார்த்தவர்களே கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி போலத்தான் இருக்கும். சென்னையில் சூசை என்று ஒருவர் சாலையோரத்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தார். பட்டியல் சாதியைச் சேர்ந்த செருப்புத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாக பங்க் கடை கொடுத்தது. கிறிஸ்தவர் என்பதால் சூசைக்கு இல்லை. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்று காட்டப் போதுமான ஆதாரம் இல்லை என்று 1985-இல் தீர்ப்பு வந்தது. வெயிலில் உட்கார்ந்து ஊரார் செருப்பைத் தைக்கிறவர் இன்னும் என்ன ஆதாரத்தைக் கொண்டுவந்து காட்டுவார்? கோயிலுக்குள்ளேயும் அது ஒழியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துக்குள் சாதிக்காகக் குறுக்கே ஒரு சுவரே நின்றது. எங்கள் ஜனங்களுக்கு வெளியே மதத்துக்காக ஒரு விலை, உள்ளே சாதிக்காக இன்னொரு விலை.

சரி, நான் சொல்ல வந்தது ஒரு வீட்டைப் பற்றி.

அப்போது நான் வருவாய் ஆய்வாளர். ஒரு பெண்ணுக்கு அரசு வேலைக்கான பட்டியலில் பெயர் வந்திருந்தது. இந்து ஆதிதிராவிடர் சான்று. யாரோ மொட்டைக் கடிதம் போட்டுவிட்டார்கள், அந்தக் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம் என்று. விசாரணைக்கு நான் போக வேண்டியதாயிற்று. கிராம நிர்வாக அலுவலர் ஏற்கெனவே இந்து என்றுதான் எழுதியிருந்தார்.

ஓட்டு வீடு. திண்ணையில் ஒரு பாட்டி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நான் படியேறியதும் முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பி, "ஸ்தோத்திரம் ஐயா" என்றார். கிறிஸ்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லும் வணக்கம். உள்ளே சுவரில் லட்சுமி படம் போட்ட காலண்டர், புதிதாக மாட்டியது. வாசலுக்கு வந்த தாய் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு அப்படியே நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

வேறு எங்கே என்றாலும் அந்தச் சொல்லுக்கு என் வாயில் தானாகப் பதில் வரும். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் நான் கேட்டுவிட்டேன் என்று ஆகிவிடும். காதில் விழாத மாதிரி கோப்பைப் பிரித்தேன். பெயர், தகப்பனார் பெயர், ரேஷன் அட்டை என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கடைசிக் கேள்வியை எவ்வளவு நேரம் தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு நேரம் தள்ளிப்போட்டேன். அப்புறம் கேட்டேன். கோயிலுக்குப் போவீர்களா?

தாய் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் முன்னால் வந்தாள். "போவோம் சார். சின்ன வயசுல இருந்தே போறோம். எனக்குச் சபையில திடப்படுத்தல் ஆயிட்டு. நான் பொய் சொல்ல மாட்டேன் சார்."

தாய் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். என் பேனா நின்றது. எந்தப் பத்தியின் கீழ் நானும் கிடக்கிறேனோ, அதே பத்தியைத்தான் இப்போது அவளுக்கு எதிராக எழுத வேண்டும். எழுதாமல் விட்டிருக்கலாம் என்று பல ராத்திரி நினைத்திருக்கிறேன். ஆனால் அவள் சொன்னதை நான் மறைத்தால், அத்தனை தைரியத்தோடு அவள் சொன்னதற்கு என்ன அர்த்தம்? அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதினேன். கையெழுத்து வாங்கினேன். அழகாக, நிறுத்தி, முழுப் பெயரையும் போட்டாள்.

சாதிச் சான்றுகளைச் சரிபார்க்கும் விழிப்புக் குழு அவள் சான்றை ரத்து செய்தது. வேலை போனது. பிறகு அவள் ஒரு தனியார் மருத்துவமனையில், அந்த அரசு வேலைச் சம்பளத்தில் பாதிக்கும் கீழே சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டேன். 2022-இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில், மதம் மாறியவர்களையும் பட்டியல் சாதியில் சேர்க்கலாமா என்று பார்க்க ஆணையம் அமைத்தபோதும், 2023-இல் கிறிஸ்தவர்களான ஆதிதிராவிடர்களைச் சேர்க்கச் சொல்லி நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டபோதும் எனக்கு அந்தக் கையெழுத்துதான் ஞாபகம் வந்தது. அவளுக்கு இப்போது வயது தாண்டியிருக்கும்.

அன்று விசாரணை முடித்துக் கிளம்பும்போது பாட்டி வாசல் வரை வந்தார். என்ன நடந்தது என்று அவருக்குப் புரியவில்லை. முறத்தில் உருவிய கீரையில் ஒரு பிடி அள்ளி, வீட்டுக்குக் கொண்டுபோங்க என்று காகிதத்தில் சுற்றினார். நான் வாங்கவில்லை, விசாரணைக்குப் போன இடத்தில் வாங்கக் கூடாது.

"நீங்க உபதேசியார் மவன்னு சொன்னாவளே ஐயா," என்றார். "நான் ஸ்தோத்திரம் சொன்னேன். நீங்க ஒண்ணும் சொல்லலியே?"

நான் வண்டியை ஸ்டார்ட் செய்தேன்.