தீ வைக்க நாள் பார்க்கும் ஊர்கள்

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 101ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறத்தாழ 435 கிலோமீட்டர் போனால் யுரேகா வரும். வருகிறவர்களில் பெரும்பாலோர் ரெட்வுட் மரங்களைப் பார்த்துவிட்டுக் கடலோரமாகவே திரும்பிவிடுவார்கள். 36ஆம் சாலையில் பிரிட்ஜ்வில் பக்கமோ, 299இல் வில்லோ கிரீக் பக்கமோ மலையேறினால் பனிமூட்டம் விலகி, புல்மேடும் ஓக் காடும் தொடங்கும். இங்குள்ள பண்ணைக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் ஒன்றுகூடித் தங்கள் நிலத்துக்குத் தாங்களே தீ வைக்கிறார்கள். கோடையில் பெருந்தீ வந்தால் பற்றிக்கொள்ள சருகு மிஞ்சக் கூடாது என்பதுதான் நோக்கம்.

இதற்காக 2018இல் ஹம்போல்ட் மாவட்டத்தில் சங்கம் அமைத்தார்கள். கலிபோர்னியாவில் இவ்வகையில் அதுதான் முதலாவது. நெப்ராஸ்கா, ஓக்லஹோமா சமவெளிகளில் மாட்டுப்பண்ணைக்காரர்கள் நடத்திவந்த முறையை இங்கே கொண்டுவந்தார்கள். கூலி கிடையாது. ஒருவர் நிலத்தில் போய்ச் செய்த வேலை மொய் மாதிரி, அவர் திரும்பிவந்து செய்வார்.

பார்க்கப் போகிறவர்கள் கையில் ஒரு வாரமாவது வைத்துக்கொள்ள வேண்டும். குறித்த நாளில் எரிப்பு நடப்பதைவிடத் தள்ளிப்போவதே அதிகம். காற்றின் ஈரப்பதம் பொதுவாக 25 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் பறக்கும் ஒவ்வொரு பொறியும் விழுந்த இடத்தில் பற்றும். மேலே போனால் புகைதான் மிஞ்சும். காலையில் 60 இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. வெப்பம் 11 டிகிரி செல்சியஸ் ஏறினால் ஈரப்பதம் ஏறக்குறைய பாதியாகிவிடும். காற்றே வீசாத நாளும் ஆகாது; எந்தத் திசையில் போகும் என்று சொல்ல முடியாத தீயைவிட, மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரே திசையில் வீசும் காற்று நல்லது. சுள்ளியின் ஈரத்தை அளக்க ஒரு பழைய உத்தி உண்டு. முற்றிலும் உலர்ந்த நிலையில் சரியாக 100 கிராம் இருக்கும்படி செய்த மரக்குச்சிகளை வெளியே வைத்து எடைபோடுவார்கள். 110 கிராம் காட்டினால் ஈரம் 10 சதவீதம். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை நல்ல பதம்.

எந்த மாதம் என்பது எதை எரிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. மெடுசாஹெட் என்ற அந்நியப் புல்லை ஒழிக்க வேண்டுமென்றால் வசந்தக் கடைசியிலோ கோடைத் தொடக்கத்திலோ, விதை கதிரிலேயே இருக்கும்போது எரிக்க வேண்டும். விதை தரையில் உதிர்ந்துவிட்டால் அந்தச் சூடு அதற்குப் போதாது, அடுத்த ஆண்டும் அதே புல்தான். ஓக் காட்டுக்கு முதல் மழைக்குப் பிந்தைய இலையுதிர்காலம். ஓக் மரங்களுக்கிடையே முளைக்கும் டக்ளஸ் ஃபிர் என்ற ஊசியிலை மரத்தின் கன்றுகளைத் தீ கொன்றுவிடும். இரண்டாள் உயரம் வளரவிட்டால் பிறகு ரம்பம்தான்.

தீ வைப்பதற்குச் சில வாரங்கள் முன்பே தீத்தடுப்புக் கோடு போட்டாக வேண்டும். புல், சருகு, வேர் எல்லாவற்றையும் வழித்துவிட்டு வெறும் மண் தெரிய வேண்டும். அகலம் பக்கத்திலுள்ள புல் உயரத்தைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு. வழித்த சருகை எரிக்கப்போகும் பக்கம் குவிக்கக் கூடாது. குவித்தால் கோட்டின் ஓரத்திலேயே தீ உயர்ந்து அப்பால் தாவும். ஓரத்தில் நிற்கும் பட்டமரங்களைச் சுற்றித் தனியாகத் துப்புரவு செய்ய வேண்டும். உச்சியில் பற்றிய பட்டமரம் பொறியை எங்கே வீசும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தீ வைக்கும் கருவி டிரிப் டார்ச். ஏறத்தாழ ஐந்து லிட்டர் கொள்ளும் உலோகக் கலம், அதன் வாயில் வளைந்த குழாய், நுனியில் திரி. குழாய் ஒரு வளையமாகச் சுற்றியிருப்பது தீ கலத்துக்குள் திரும்பாமலிருக்க. டீசல் மூன்று அல்லது நான்கு பங்குக்குப் பெட்ரோல் ஒரு பங்கு. பெட்ரோல் கூடினால் குப்பென்று பிடித்து, புல்லில் நின்று எரியாமல் அணைந்துவிடும், ஆளுக்கும் ஆபத்து. மூடியின் வாஷர் தேய்ந்து எண்ணெய் கசிவதுதான் அடிக்கடி வரும் கோளாறு. கால்சட்டையில் சொட்டிய பிறகுதான் பலர் கவனிக்கிறார்கள்.

முதலில் ஒரு மூலையில் சிறிய சோதனைத் தீ. புகை எப்படிச் சாய்கிறது, தழல் எவ்வளவு எழுகிறது என்று பார்த்து, பிடிக்கவில்லையென்றால் அங்கேயே அணைத்துவிட்டு எல்லாரும் வீடு திரும்புவார்கள். சரியென்றால் மேட்டின் உச்சியில், காற்று போய்ச் சேரும் பக்கத்திலிருந்து தொடங்குவார்கள். தீ சரிவில் மேல்நோக்கி ஓடும், கீழ்நோக்கி ஊரும். அப்படிக் காற்றுக்கு எதிராக ஊர்ந்து அகலமான கரிப்பட்டை உண்டான பிறகுதான், நான்கைந்து மீட்டர் கீழே அடுத்த வரிசைக்குத் தீ. தழல் நான்கு அடியைத் தாண்டினால் கைக்கருவியோடு அருகே போக முடியாது. உடனே வரிசை இடைவெளியைக் குறைக்க வேண்டும். மூன்று பேர் தீ வைத்துக்கொண்டு போனால் சரிவில் மேலே இருப்பவர் முன்னால், கீழே இருப்பவர் கடைசியில். வரிசை மாறினால் மேலே நிற்பவரை நோக்கித் தீ ஏறும்.

எரிப்பது இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். அணைப்புதான் நாள் முழுக்க இழுக்கும், புதியவர்களுக்குச் சலிப்பூட்டுவதும் அதுவே. முதுகில் 19 லிட்டர் நீர்ப்பையோடு ஓரமாக நடந்து, கையுறையைக் கழற்றிப் புறங்கையைச் சாம்பலுக்கு அருகே கொண்டுபோய்ச் சூடு பார்க்கிறார்கள். அடிமரக்கட்டையின் வேர் வழியாகக் கங்கு மண்ணுக்கடியில் போய், நாட்கள் கழித்துக் கோட்டுக்கு வெளியே தலைதூக்கும். அதனால் மறுநாளும், காற்று எழும் நாளிலும் போய்ப் பார்த்தாக வேண்டும்.

வில்லோ கிரீக்கிலிருந்து 96ஆம் சாலையில் ஹூப்பாவைத் தாண்டினால் வைட்ச்பெக். டிரினிட்டி ஆறு கிளமத் ஆற்றில் கலக்கும் இடம், யூரோக் பழங்குடி மக்களின் நிலம். சங்கம் வருவதற்கு ஐந்தாண்டு முன்பே, 2013இல், இவர்கள் பண்பாட்டுத் தீ மேலாண்மைக் குழுவைத் தொடங்கிவிட்டார்கள். ஹேசல் புதரை எரித்தால்தான் கூடை முடைய ஏற்ற நேரான, கிளையில்லாத குச்சி வரும். குழந்தையைச் சுமக்கும் கூடை அதில்தான் செய்கிறார்கள். காட்டுத்தீயைத் தடுப்பது அதோடு சேர்ந்து கிடைக்கும் பயன். 1911க்குப் பின் அரசு தீயை முற்றாக அடக்கத் தொடங்கியதில் இந்த வழக்கத்துக்கே தடை விழுந்தது. நூறாண்டாகச் சேர்ந்த சருகைப் பற்றி வல்லுநர்கள் இப்போது பேசுவதை இவர்கள் எப்போதோ சொல்லியிருந்தார்கள்.

பண்ணைக்காரர்களைத் தடுத்தது பெரும்பாலும் வழக்கு பயம். தீ எல்லை மீறினால் அரசு தன் அணைப்புச் செலவை நிலத்துக்காரரிடம் கேட்கலாம். 2022 ஜனவரி முதல், தகுதிச்சான்று பெற்ற எரிப்புத் தலைவர் ஒப்புக்கொண்ட திட்டமும் அனுமதியும் இருந்தால், கடும் அலட்சியம் நிரூபணமானால்தான் அந்தச் செலவு தலையில் விழும். பழங்குடிப் பண்பாட்டு எரிப்பாளர்களுக்கும் இது பொருந்தும். இழப்பீட்டுக்கு 2 கோடி டாலர் நிதியும் ஒதுக்கப்பட்டது.

கலந்துகொள்ள விரும்பினால் சங்கத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். புகையைப் பார்த்து வண்டியை நிறுத்தி இறங்குவது வேண்டாம். கணுக்கால் மூடிய தோல் பூட்ஸ், தோல் கையுறை, பருத்தி அல்லது கம்பளி உடை தேவை. பாலியஸ்டர் உள்ளாடைகூடக் கூடாது, உருகித் தோலில் ஒட்டும். தண்ணீர் நான்கு லிட்டராவது எடுத்துக்கொள்ளுங்கள். 96ஆம் சாலையில் பெட்ரோல் பங்க் அரிது, செல்போன் சிக்னல் அதைவிட அரிது. வில்லோ கிரீக்கிலேயே டேங்கை நிரப்பிவிடுவது நல்லது.