அம்மாவும் முடவாட்டுக்கால் சூப்பும்

நாமக்கல்லிலிருந்து காரவள்ளி வரைக்கும் சாதாரணச் சாலைதான். அதற்கு மேல் கொல்லிமலை ஏற்றம். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. அம்மா வாய்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். நாற்பதைத் தாண்டியதும் ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டோம். காற்றே வேறு.

மேலே செம்மேட்டில் வல்வில் ஓரி குதிரைமேல் சிலையாக நிற்கிறார். யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஒரே அம்பில் துளைத்ததாகச் சங்கப் புலவர் பாடிய ஓரி ஆண்ட மலை இது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி உச்சிவரை ஏறியிருந்தது.

அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு ஆகாய கங்கை அருவிக்குக் கிளம்பினோம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், பல இடங்களில் நல்ல செங்குத்து. அம்மாவுக்கு முட்டி வலி. "நீ போயிட்டு வா, நான் இங்கயே உக்காந்திருக்கேன்" என்று ஒரு சூப்புக் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

மனசில்லாமல்தான் இறங்கினேன். பாதி வழியிலேயே இரைச்சல் கேட்டது. கடைசித் திருப்பத்தில் அய்யாறு பாறை விளிம்பிலிருந்து மொத்தமாக விழுகிறது. அருகில் போகும் முன்பே சாரலில் சட்டை நனைந்துவிட்டது. பத்து நிமிடம் எதுவும் பேசத் தோன்றாமல் நின்றேன். இந்தத் தண்ணீர்தான் கீழே புளியஞ்சோலைக்குப் போகிறது. படியோரம் கிடந்த பிளாஸ்டிக் பாட்டில்களைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. கையில் கொண்டுபோவதைத் திரும்பக் கொண்டுவர முடியாதா என்ன?

ஏறி வருவதற்குள் கால் நடுங்கியது. அங்கே பார்த்தால் அம்மாவும் கடைக்கார அம்மாவும் பல வருடப் பழக்கம் போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். பலகையில் முடவாட்டுக்கால் கிழங்கு. மேலே பழுப்பு ரோமம், பார்த்தால் ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் கிழங்கு அது. அந்த அம்மா ரோமத்தைக் கத்தியால் சுரண்ட, உள்ளே வெளிர்பச்சை. அதை மெல்லிசாகச் சீவி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு நசுக்கிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டார்.

"குடிங்க தம்பி, ஏறி வந்த அலுப்பு போயிரும்."

மிளகுக் காரம் தொண்டையில் இறங்கியதும் உடம்பு தளர்ந்தது. முட்டி வலிக்கு நல்லது என்று எல்லோருமே சொல்கிறார்கள். அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ருசிக்கு நான் உத்தரவாதம்.

போகிறவர்கள் ஒரு ராத்திரியாவது தங்குங்கள். காலையில் ஏறி, குளித்து, மாலையில் இறங்கினால் மலை கண்ணில் படாது. அருவிக்கு மழைக்காலம் முடிந்த கையோடு போவது நல்லது. கோடையில் தண்ணீர் குறைந்துவிடும்.

அம்மா இரண்டு கிலோ சாமையும் ஒரு பெரிய கிழங்கும் வாங்கிக்கொண்டார். சாமை தீர்ந்துவிட்டது. கிழங்கு மட்டும் செய்தித்தாளில் சுற்றியபடி அடுப்படியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் சீவி எடுக்கிறார்.