அரைஞாண் கயிறுக்கு கீழ ஒரு கறுப்பு பக்கு

கவர்மென்ட் ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸா சேர்ந்து 17 வருஷம் ஆகுது, அதுல முக்காவாசி மெடிக்கல் வார்டுதான். எங்க பக்கம், அதாவது திருவண்ணாமலை வேலூர் ஏரியால, மழை ஓஞ்சு பனி விழ ஆரம்பிச்சதும் காய்ச்சல்னு யாரு வந்து படுத்தாலும் பேரு கேக்கறதுக்கு முன்னாடி "கைய தூக்குங்க, அக்குள பாக்கணும்"னுதான் எனக்கு வாய்ல வருது. ட்ரெயினிங் பொண்ணுங்க சிரிப்பாங்க, அக்குள் சிஸ்டர்னு பேரே வெச்சிருக்காங்கன்னு கேள்வி. வெச்சுக்கட்டும்.

இந்தப் பழக்கம் எப்படி வந்துச்சுன்னு சொல்றேன். வேலைக்கு வந்து ஒரு அஞ்சாறு வருஷம் இருக்கும், ஒரு ஆடு மேய்க்கிற அண்ணன் அட்மிட் ஆனாரு, வயசு 45க்குள்ள. ஆறு நாளா காய்ச்சல், தலைய பொளக்குது, மேலெல்லாம் அடிச்சு போட்ட மாதிரி வலின்னாரு. வெளிய ரெண்டு இடத்துல ஊசி போட்டுட்டு, வைடால் டெஸ்ட் பாத்து டைபாய்டுன்னு சொல்லி அதுக்கும் மருந்து ஏத்திட்டு, எதுவும் கேக்காமதான் எங்ககிட்ட வந்தாரு. டெங்கு எடுத்தோம், நெகட்டிவ். பிளேட்லெட் 62 ஆயிரம். அவ்வளவுதான், வார்டு மொத்தமும் அந்த பிளேட்லெட் பின்னாடியே ஓடுச்சு, காலைல எவ்ளோ சாயந்திரம் எவ்ளோன்னு, அவங்க வீட்டம்மா வேற யாரோ சொன்னாங்கன்னு பப்பாளி இலை சாறு எடுத்துட்டு வந்து நின்னாங்க. மூணாவது நாள் ராத்திரி மூச்சு வாங்க ஆரம்பிச்சிடுச்சு, சாச்சுரேஷன், அதாவது ரத்தத்துல ஆக்சிஜன் அளவு, 84க்கு இறங்குச்சு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம்னு 108க்கு சொல்லிட்டு நான் அவரு வேட்டிய மாத்திவிட்டேன். அப்ப அரைஞாண் கயிற ஒதுக்கினா கீழ ஒரு கறுப்பு பக்கு. துவரம்பருப்பு சைஸ்தான். நடுவுல கருகிப்போய், ஓரத்துல சிவப்பா ஒரு வட்டம், சிகரெட்டால சுட்டு வெச்ச மாதிரி. "இது என்னம்மா"ன்னு கேட்டேன், "கயிறு ஒரசி புண்ணாயிருக்கும் சிஸ்டர்"னு அந்தம்மா சொன்னாங்க. நானும் சரின்னு விட்டுட்டேன். கேஸ் ஷீட்ல எழுதலை, டியூட்டி டாக்டர்கிட்ட சொல்லலை.

மறுநாள் அந்த ஆஸ்பத்திரிலேர்ந்து போன். ஸ்க்ரப் டைபஸ், எஸ்கார் இருக்கே, நீங்க பாக்கலையான்னு. எஸ்கார்னா அந்த கறுப்பு பக்குதான். எங்க டாக்டர் என்னை ஒரு வார்த்தை திட்டலை, அவருக்கு நான் பாத்ததே தெரியாது. தெரியாததுதான் எனக்கு தாங்கலை. அண்ணன் வென்டிலேட்டர்ல கிடந்து பொழச்சு, மூணு வாரம் கழிச்சு எங்க ஓபிக்கே மாத்திரை வாங்க வந்தாரு, அடையாளமே தெரியல, அப்படி இளைச்சிருந்தாரு.

அதுக்கப்புறம்தான் இந்த நோய பத்தி கண்ணுல பட்டதெல்லாம் படிச்சேன். பேப்பர்ல மர்ம காய்ச்சல்னு போடுவாங்க பாருங்க, அதுல ஒரு பங்கு இதுதான். தமிழ்ல உண்ணிக் காய்ச்சல்னு சொல்றாங்க, எனக்கு அந்த பேரு பிடிக்கறதில்ல, ஏன்னா கேட்ட உடனே ஜனங்க வீட்டு நாய தூக்கிவெச்சு உண்ணி பொறுக்க ஆரம்பிச்சிடறாங்க. இது மாடு நாய் மேல கொழுகொழுன்னு தொங்கற உண்ணி இல்ல. புல்லு, புதர், வரப்பு ஓரத்துல இருக்கற ஒரு பூச்சியோட குட்டி, ஆறு கால், கண்ணுக்கே சரியா தெரியாது, மாமூலா எலி மேல ஒட்டி வாழறது. நம்ம அந்த பக்கம் போனா நம்ம மேலயும் ஏறிக்கும். ரத்தம்கூட குடிக்காது, தோல கரைச்சு அந்த சாற குடிக்கும், அப்ப அது உடம்புல இருக்கற கிருமி நமக்குள்ள போயிடும். கிருமி பேரு ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி, ஜப்பான்காரங்க வெச்ச பேரு, முஷின்னா பூச்சி. கடிச்சு பத்து பன்னெண்டு நாள் கழிச்சுதான் காய்ச்சல் வரும், அதனால யாருக்கும் எங்க கடிச்சுதுன்னு ஞாபகமே இருக்காது.

உள்ள போன கிருமி சின்ன சின்ன ரத்தக்குழாயோட உள் சுவத்து செல்லுக்குள்ளயே போய் உக்காந்துக்கும். பென்சிலின் வகையும், நாங்க எல்லா காய்ச்சலுக்கும் கண்ண மூடிட்டு ஏத்தற செஃப்ட்ரியாக்சோனும் அதுகிட்ட பலிக்காது. குழாய் கசிய ஆரம்பிச்சா நுரையீரல், கிட்னி, மூளைன்னு வரிசையா இழுத்துட்டு போயிடும். ஆனா மருந்து என்னன்னா சாதாரண டாக்ஸிசைக்ளின், 100 மில்லிகிராம், காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு, ஏழு நாள். நேரத்துல ஆரம்பிச்சா ரெண்டு நாள்ல காய்ச்சல் இறங்கிடும், இறங்கலைன்னா வேற ஏதோன்னு டாக்டர் யோசிக்க ஆரம்பிப்பாரு. கர்ப்பமா இருந்தா அசித்ரோமைசின். ரொம்ப சீரியஸானவங்களுக்கு ரெண்டையும் சேத்து ட்ரிப்ஸ்ல போட்டா ஒண்ணு மட்டும் போடறதவிட நல்லா கேக்குதுன்னு வேலூர் சிஎம்சிகாரங்க முன்ன நின்னு ஏழு ஆஸ்பத்திரில பண்ண ஆராய்ச்சி 2023ல வந்துச்சு.

மாத்திரைய எப்படி முழுங்கறாங்கன்றதும் எங்க பாடுதான். ஒரு அக்கா ஒரு மொடக்கு தண்ணில முழுங்கிட்டு அப்படியே படுத்துட்டாங்க, மாத்திரை வழியிலயே ஒட்டிக்கிட்டு நெஞ்சு எரியுதுன்னு ராத்திரி பூரா உக்காந்திருந்தாங்க. இப்பல்லாம் ஒரு சொம்பு தண்ணி குடிச்சு அரை மணி உக்காந்தாதான் நான் நகருவேன். இது ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்கு ஒட்டாது, ஆனாலும் டம்ளர தனியா வெக்கணுமா சிஸ்டர்னு கேக்காத ஆள் இல்ல.

ரத்த டெஸ்ட் இருக்கு, எலைசா. ஆனா காய்ச்சல் வந்த முதல் சில நாள்ல எடுத்தா நெகட்டிவ்னு வரலாம், ரிசல்ட் வர நேரமும் ஆகும். அந்த கறுப்பு பக்கு எல்லாருக்கும் இருக்காது, இருந்துட்டா அந்த நிமிஷமே தெரிஞ்சிடும். சிக்கல் என்னன்னா அது வலிக்காது, அரிக்காது. அதனால யாரும் சொல்ல மாட்டாங்க. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு கீழ, தொப்புள், பாவாடை நாடா கட்டற இடம், இப்படி துணி இறுக்கற இடமா பாத்துதான் அந்த பூச்சி கடிக்குது. அப்ப துணிய விலக்கணும். நாப்பது கட்டில் இருக்கற வார்டுல, பக்கத்து கட்டிலுக்கு ஹார்லிக்ஸ் எடுத்துட்டு வந்த சொந்தக்காரன் எதிர்ல நிக்கறப்ப எந்த பொம்பளை விலக்குவா? டாக்டர் ஆம்பளையா இருந்தா புடவைக்கு மேல ஸ்டெத் வெச்சுட்டு போயிடுவாரு, அவர சொல்லியும் குத்தமில்ல. எங்க வார்டுக்கு ஒரே ஒரு ஸ்க்ரீன், அதுக்கும் சக்கரம் உடைஞ்சு ஒருபக்கமா சாஞ்சு நிக்கும். எழுதி குடுத்தோம், வரலை. ரெண்டு பெட்ஷீட்ட சேத்து தைச்சு நைலான் கயித்துல நானே கட்டிட்டேன். எனக்கு தெரிஞ்சு எங்க வார்டுல ஸ்க்ரப் டைபஸ் அதிகமா கண்டுபிடிச்சது லேப் இல்ல, அந்த பெட்ஷீட்டுதான்.

போன தை மாசம் ஒரு பாட்டி. ஏரி வேலைக்கு போறவங்க, சாயங்காலம் ஆட்டுக்கு புல்லு அறுத்துட்டு வருவாங்க. 103 காய்ச்சல், லேசா உளறல். காதுக்கு பின்னாடி பாத்தேன், அக்குள் பாத்தேன், ஒண்ணுமில்ல. ரவிக்கைய தளர்த்தணும் பாட்டின்னா அந்த உளறல்லயும் கைய இறுக்கி பிடிச்சுக்கிட்டாங்க. "எனுக்கு ஒண்ணும் இல்லடி, வுடு." சரி, ஒடம்பு தொடச்சு விடறேன், காந்துது பாருன்னு சொல்லி வெந்நீர் வெச்சு, பெட்ஷீட்ட இழுத்துவிட்டு, கால்லேர்ந்து மெதுவா தொடச்சுட்டு மேல வந்தேன். இடது மார்புக்கு அடியில, மடிப்புக்குள்ள இருந்துச்சு. துணிய வாளில போட்டுட்டு ஓடினேன், டாக்டர் வந்து பாத்துட்டு "டாக்ஸி போடுங்க"ன்னாரு, பாட்டியோட பேரன் பதறிப்போய் "டாக்ஸி எதுக்கு சார், 108ல போக கூடாதா"ன்னு கேட்டான் பாருங்க, அந்த டென்ஷன்லயும் சிரிச்சிட்டேன்.

மூணாவது நாள் காலைல பாட்டி எழுந்து உக்காந்து இட்லி கேட்டாங்க. டிஸ்சார்ஜ் அன்னிக்கு என்னை தனியா கூப்ட்டு முந்தானை முடிச்ச அவுத்தாங்க, காசு குடுக்க போறாங்கன்னு நினைச்சு வேணாம் வேணாம்னு தள்ளினேன். உள்ள ஒரு மாத்திரை கவர் மடிச்சு இருந்துச்சு. "காலைல தொடைக்க சொல்ல தானா வுழுந்துச்சு கண்ணு. நீ அவ்ளோ தேடினியே, வேணுமோ இன்னாமோன்னு வெச்சிருந்தேன்."